கெட்டுப்போன ஊருக்கு ஒரு கல்யாணப் பயணம்

கண்டியில் நான் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு வரும் கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. முதல் கவளம் உள்ளே போகும்வரை சும்மா இருப்பார்கள். அது இறங்கியதும், "நம்மூரு அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுங்க!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். காற்று, தோப்பு, அமைதி, மரியாதை என்று வரிசையாக வரும். பிறகு ஒரு பெருமூச்சு. "இப்ப எல்லாம் கெட்டுப்போச்சுங்க" என்பார்கள். அதற்குப் பிறகு ரசம் கேட்பார்கள்.

எனக்கும் அந்த வியாதி கொஞ்சம் உண்டு. கண்டியில் மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி காயாது, விறகு பிடிக்காது, மனுஷர் முகமும் தெளியாது. அப்போதெல்லாம் பாலக்காட்டுப் பக்கமிருந்து எங்கள் ஊருக்குள் புகுந்து புடவையைப் பறக்கடிக்கிற ஆடிக் காற்றை நினைத்து ஏங்கியிருக்கிறேன். ஆனால் நான் ஏங்கியது காற்றுக்குத்தான். ஊரில் அந்தக் காலத்தில் இருந்த மற்றவை எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தப் பயணமும் ஏக்கத்தால் வந்ததல்ல. என் தம்பி முத்துசாமிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்பு, மணப்பெண் உடுத்தப்போகிற கூறைப்புடவையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளையும், மறு தலைப்பை அவனோடு பிறந்தவளும் பிடிப்பார்கள். உனக்குப் பெண்டாட்டி வந்தாலும் நான் உன் அக்காதான் என்று ஊர் முன்னால் சொல்லிக்கொள்கிற சீர் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் யாராவது பிடிப்பாள். முத்துசாமிக்கு நான் இருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. தாலியறுத்தவள் அந்தத் தலைப்பைத் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

தொடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் கடையைப் பூட்டினேன். எங்கள் அம்மா செத்தபோது முத்துசாமி பால் மறக்காத குழந்தை. அவனை ஓர் இடுப்பிலும் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். வேறொருத்தி அவனுக்கு அக்காவாக நிற்பதை ஓரமாக நின்று பார்ப்பதற்காக நான் கடல் தாண்ட வேண்டுமா?

கடல் அன்றைக்கு நல்ல குணத்தில் இல்லை. கப்பலில் பாதிப்பேர் வாந்தி, மீதிப்பேர் கண்ணீர். சிப்பந்தி ஒருவன் இன்னொருவனிடம் சிங்களத்தில் சொன்னான்: "இந்த ஜனங்கள் ஊருக்குப் போகும்போதும் அழுகிறார்கள், ஊரிலிருந்து வரும்போதும் அழுகிறார்கள். இவர்களுக்கு எந்த ஊர்தான் பிடிக்கும்?" எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. நான் அழவில்லை, வாந்தி மட்டும் எடுத்தேன்.

தனுஷ்கோடியில் சுங்கத்துக்காரர் என் தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கென்று கொண்டுபோன கித்துள் பாணியை மோந்து பார்த்தார். கள்ளா என்று கேட்டார். பனைவெல்லப் பாகு மாதிரி ஒரு பாகு என்றேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார், இன்னொரு விரலிலும் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது விரலுக்கு முன்னால் நான் மூடியைப் போட்டுவிட்டேன்.

ரயிலில் மறுநாள் பழனியில் மொட்டைத் தலைகளாக ஒரு கூட்டம் ஏறியது. அவர்களில் ஓர் அம்மாள் தன் பஞ்சாமிர்தச் சொம்பை என் துணி மூட்டைமேல் வைத்தாள். பக்தியோடுதான் வைத்தாள், சாய்த்து வைத்துவிட்டாள். பொள்ளாச்சி வரை எறும்புகளுக்கு நான் சத்திரம் நடத்தினேன். பஞ்சாமிர்தம் மட்டும் அபாரம். மூட்டையில் வழிந்ததையே வழித்துச் சாப்பிட்டேன்.

பொள்ளாச்சியில் ஏறினார் காதர் ராவுத்தர். கோட்டைமேட்டில் பருத்தித் தரகு செய்கிறவர், வெள்ளைத் தாடி, தங்கமான பேச்சு. நான் ஊருக்குத் திரும்பி வருகிறவள் என்று தெரிந்ததும் அவருக்கு என்மேல் இரக்கம் பொங்கிவிட்டது.

"ஏனுங்கம்மிணி, எதுக்குங்க வாரீங்க? நீங்க உட்டுட்டுப் போன ஊரு இல்லீங்க அது. மில்லு மில்லாக் கட்டிப்போட்டாங்க. விடியறதுக்கு முன்னால சங்கு ஊதறானுங்க. பொம்பளைங்க வேலைக்குப் போறாங்க. முக்குக்கு முக்கு காப்பிக் கிளப்பு. அந்த ஊரு செத்துப்போச்சுங்க."

போத்தனூரில் இணைப்பு வண்டி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் ஏறினோம். ஆள் நிறைந்த பிறகும் கண்டக்டர் இன்னும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாகக் கிளம்பிய பஸ் உக்கடம் குளத்தங்கரையில் புகை கக்கி நின்றுவிட்டது. கொதிக்கிற இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுவர டின்னை எடுத்துக்கொண்டு கண்டக்டர் குளத்துக்குள் இறங்கினார். எனக்கு முன்னால் இரண்டு மில்காரப் பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "சங்கு ஊதினதும் என் மாமியார் எழுந்து எனக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள். இதற்காகவே ஆயுசு முழுக்க மில்லுக்குப் போகலாம்." இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே ஆடியது. எனக்கும் சிரிப்பு வந்தது. ராவுத்தர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

பஸ் கிளம்புவதாக இல்லை. இறங்கி நடந்தோம். தெருமுனையில் ஒரு குழாய். ராவுத்தர் குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "சிறுவாணித் தண்ணிங்க. இது மட்டும் நல்லாருக்குதுங்க" என்றார், தாடியைத் துடைத்துக்கொண்டே. நானும் குடித்தேன். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது இந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது. நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பசித்து அழுகிற தம்பியைச் சமாதானம் செய்துகொண்டு வெயிலில் நிற்பேன். அந்தக் காலம் செத்துப்போனது என்றால் அதற்கு நான் தலை முழுகத் தயார்.

வீட்டில் சித்தப்பா வாசலுக்கே வந்துவிட்டார். அப்பாவின் தம்பி. அப்பா போன பிறகு குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். "வா கண்ணு, தெய்வானை. எளைச்சுப் போயிட்டியே" என்று அவர் கண்கலங்கியது நிஜமான கண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்ணைத் துடைத்ததும் அவரும் அதே பாட்டைத் தொடங்கினார். ஊர் கெட்டுப்போச்சு, சங்குச் சத்தம் சாவு வீட்டில் ஊதுகிற மாதிரி இருக்கிறது, நல்ல காரியம் செய்ய முடியவில்லை. "ஆனா கண்ணு, தோட்டத்துக் கிணத்துக்குக் கரண்டு மோட்டாரு வெச்சுட்டேன். மாட்டைக் கட்டி எறைக்கற கவலையே இல்லை. தண்ணி கொட்டறதை நாளைக்கு நீ வந்து பாரு" என்றார். ராவுத்தருக்குத் தண்ணீர், இவருக்கு மோட்டார். ஊரைக் கெடுத்தவற்றில் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் மடியில் கட்டிக்கொண்டு மிச்சத்துக்கு அழுகிறார்கள்.

சித்தி அதிகம் பேசமாட்டாள். என் நீலப் புடவையை ஒருமுறை பார்த்தாள். ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புடவையைக் கொண்டுவந்து வைத்து, "சித்தப்பா குடுக்கச் சொன்னாருங் கண்ணு" என்றாள். அவள் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன். நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் தம்பி என்னை ஊர் சுற்றக் கூட்டிப்போனான். மில் ஆபீசில் குமாஸ்தா வேலை, சட்டைப்பையில் பேனா, தலையில் வகிடு. பெரியகடை வீதியில் கரண்டுக் கம்பங்களைக் காட்டினான், பேசும் படம் ஓடுகிற கொட்டகையைக் காட்டினான். காப்பிக் கிளப்பில் மேசைமுன் உட்காரவைத்து நெய் ரோஸ்ட் வாங்கித் தந்தான். சுற்றியிருந்த ஆண்கள் எல்லோரும் தோசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் தோசையைப் பார்த்தேன். கண்டியில் என் கடைத் தோசை இதைவிட நன்றாக இருக்கும், சட்னி இவர்களுடையது மேல்.

"அக்கா, நீங்கதான் தலைப்புப் புடிக்கோணும்" என்றான் தம்பி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "ஆனா சித்தப்பா வள்ளியைப் புடிக்கச் சொல்லிப்போட்டாருங்க. எனக்கு அவருகிட்ட வாய் வரமாட்டேங்குது."

வள்ளி பங்காளி வீட்டுப் பெண், போன வருஷம் கல்யாணமானவள். நல்ல பெண்தான். நான் தம்பியைத் திட்டவில்லை. சித்தப்பாவின் சோற்றில் வளர்ந்தவனுக்கு அவர் முன்னால் குரல் எழும்பாது. எனக்கு எழும்பும், கடல் தாண்டிச் சம்பாதித்த குரல் அது. "உன் பக்கத்துத் தலைப்பை உட்டுறாதே, அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கல்யாணம் பேரூர் ரோட்டில் இருக்கிற எங்கள் தோட்டத்தில். சீர் அன்று மத்தியானம் பந்தலுக்குள் நுழைந்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்தத் தென்னைமரங்கள் அப்படியே இருந்தன. நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது ஊரில் பிளேக் வந்தது. வீட்டில் எலி செத்து விழுந்தால் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டு வெளியேற வேண்டும். நாங்கள் இந்தத் தோட்டத்தில்தான் ஓலைக் கொட்டகை போட்டுக் கிடந்தோம். இந்த மரங்களுக்கு நடுவில்தான் அந்த வருஷம் ஒரு கல்யாணமும் நடந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். மரங்களைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

சித்தப்பா மேளக்காரர்களிடம் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "சாயங்காலம் மில்லுச் சங்கு ஊதுவானுங்க. அந்தச் சாவுச் சத்தம் சீரு நேரத்துல காதுல உழக்கூடாது. ஊத ஆரம்பிச்சா நீங்க கெட்டிமேளம் போட்டு அமுக்கிப்போடோணும். என்னையக் கேக்கோணும்னு நிக்காதீங்க, தெரிஞ்சுதா?" மேளக்காரர்கள் தலையை ஆட்டினார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணு, நீ அந்தப் பக்கம் சமையலைப் பாத்துக்கறயா? சமையல்ல உன்னைய மிஞ்ச ஆளு ஏதுங்க?" எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். எனக்கு அழுகை முட்டியது. அவர் முன்னால் அழக்கூடாது என்று கொல்லைப்பக்கம் நடந்துவிட்டேன்.

அங்கே சந்தகை பிழிந்துகொண்டிருந்தார்கள். இலங்கை இடியப்பத்துக்கும் எங்கள் சந்தகைக்கும் பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. அங்கே பிழிந்த பிறகு வேகவைப்பார்கள். இங்கே மாவை உருண்டையாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிகிற மர அச்சில் போட்டு அமுக்க வேண்டும். ஆறிவிட்டால் அச்சின் பிடியில் எத்தனை பேர் தொங்கினாலும் இறங்காது. நான் தொங்கி அமுக்கினேன். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றி ஒரு வாய் தின்றேன். அந்த ருசிக்காக மட்டும் எங்கள் ஊரை யார் திட்டினாலும் சண்டைக்குப் போவேன். அடுத்த உருண்டை போடுவதற்குள் பந்தலில் கூட்டம் அடங்கிவிட்டது. இணைச்சீருக்கு உட்கார்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு நடந்தேன்.

மணையில் முத்துசாமி இருந்தான். எதிரில் வள்ளி, நகையெல்லாம் பூட்டிக்கொண்டு. சீர் நடத்தி வைக்கிற அருமைக்காரர் கூறைப்புடவையின் ஒரு தலைப்பை அவனிடமும் மறு தலைப்பை அவளிடமும் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.

"சித்தப்பா, வள்ளியை எந்திரிக்கச் சொல்லுங்க. நான் புடிக்கறனுங்க" என்றேன்.

சித்தப்பா என்னிடம் கோபிக்கவில்லை. கெஞ்சினார், அதுதான் அவர் பலம். "அம்மணி, ஊரே கெட்டுப்போச்சு. சங்கு, பஸ்ஸு, கிளப்பு எல்லாம் வந்துபோட்டுது. நம்ம காலத்துது மிச்சம் இருக்கறது இந்தச் சீரு ஒண்ணுதான் கண்ணு. இதாச்சும் பழைய மாதிரியே இருந்துட்டுப் போவட்டும்."

"பழைய மாதிரியே செய்யலாமுங்க. இதே தோட்டத்துல உங்க கல்யாணம் நடந்துச்சுதே, அந்த மாதிரி."

அவர் முகம் வெளுத்தது. நான் விடவில்லை. சபையைப் பார்த்துச் சொன்னேன். பிளேக் வருஷத்தில் குறித்த முகூர்த்தத்தைத் தள்ளக்கூடாது என்று கொட்டகைகளுக்கு நடுவிலேயே சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள், பாதிப்பேர் இல்லாமலே போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவள் சித்தப்பாவோடு பிறந்த நாச்சம்மா அத்தை ஒருத்திதான். அவள் வெள்ளைப் புடவைக்காரி. நான் அந்தத் தென்னைமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குத் தலைப்புப் புடிச்சது யாருங்க சித்தப்பா?"

"அது ஆபத்துக் காலமுங்க அம்மணி..."

"ஊருல பாதிப்பேரு செத்தாத்தான் நாங்க மனுசரா உங்க கண்ணுக்குத் தெரிவமுங்களா?"

இதைக் கேட்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று நின்றேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சித்தி எழுந்தாள். சபையில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை, அவளே கேட்டிருக்கமாட்டாள்.

"நாச்சம்மா நாத்தனாருதானுங்க புடிச்சாங்க. அவங்க புடிச்ச சேலையைத்தானுங்க நான் கட்டினேன். நாலு பசங்களைப் பெத்து, பேரன் பேத்தி எடுத்துப்போட்டேன். எனக்கு என்னங்க கொறைஞ்சுபோச்சு?" மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னாள். "ஊருக்குள்ள திரும்பி வந்ததும் அவங்களை மறுபடியும் மூலையில உக்காத்திப்போட்டீங்க. ஒரு நல்ல காரியத்துக்கும் முன்னால உடலீங்க. சாகறவரைக்கும் உடலீங்க. நானும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். வள்ளி யாரையும் எதிர்க்கவில்லை. மிகவும் பணிவாக என் பக்கம் திரும்பி, "அக்கா, எனக்குக் கை வலிக்குதுங்க. இதைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்று தலைப்பை நீட்டினாள். ஒரு புடவைத் தலைப்புக்கு வலிக்கிற கையா அது! மாவு இடித்தால் உரல் பேசும். நான் வாங்கிக்கொண்டு அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

என் தம்பி தன் பக்கத்தை இறுக்கிப் பிடித்தான். கிணற்றுக் கயிற்றைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தான். "ஆரம்பிங்க அய்யா" என்றான் அருமைக்காரரிடம். அவனுக்கு வாய் வந்துவிட்டது.

அருமைக்காரர் சித்தப்பாவைப் பார்த்தார். மேளக்காரர்களும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்போது தூரத்தில் மில் சங்கு ஊதியது.

மேளக்காரர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். யாரையும் கேட்டு நிற்க வேண்டாம் என்று முன்பே போட்ட உத்தரவு அவர்களுக்கு நினைவிருந்தது. சடாரென்று கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். அந்த முழக்கம் கேட்டதும் பெண்கள் பழக்கத்தில் குலவை இட்டார்கள், யாரோ அட்சதையை வீசிவிட்டார்கள். வீசியதைத் திரும்பப் பொறுக்க முடியுமா? அருமைக்காரர் பெருமூச்சு விட்டு, ஆக வேண்டியதைச் செய்து முடித்தார். என் தலையிலும் அரிசி விழுந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.

இரண்டு பெரியவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் சந்தகை வாசனையில் பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். நானே அவருக்கு இலை போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினேன். இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சித்தப்பா நான் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை. வண்டி ஏறும்போது மட்டும் வந்து ஒரு மூட்டையை என் கையில் கொடுத்தார். தோட்டத்துத் தேங்காய்கள். "மோட்டாருத் தண்ணியில காய்ச்சதுங்க" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவு. அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை, அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைப் புடவையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, பேரனுக்குத் தூளி கட்ட ஆகும் என்றாள்.

கண்டியில் கடை திறந்த அன்றே பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கோயமுத்தூர்க்காரர், ஊரை விட்டு வந்து வெகுகாலமானவர். இலையில் சோறு விழுந்தது, முதல் கவளம் உள்ளே போனது.

"ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களாமே அம்மணி. சுத்தமாக் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்களே, நெசங்களா?"

"எங்கீங்க" என்றேன், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "இன்னும் நெறையக் கெடோணுமுங்க."